ஒரு படத்தில் மட்டும் இருந்த புள்ளி

என் கணவரின் அக்கா என்னைப் பெண் பார்க்க இரண்டு தடவை வந்தார். முதல் தடவை பழத்தட்டு, பூ, பெரியவர்கள் என்று முறையாகத்தான் வந்தார். இரண்டாவது தடவை ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல், குடையும் கைப்பையுமாக எங்கள் கிள்ளான் ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசலில் தனியாக வந்து நின்றார். நான் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்து, தலைகூட வாராமல், கருவாட்டுக் குழம்பைச் சட்டியோடு வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். உட்காரச் சொன்னோம். தண்ணீர் மட்டும் குடித்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வரேன் என்று எழுந்து போய்விட்டார்.

அம்மாவுக்கு வந்த கோபத்தில் அன்றைக்குப் பாத்திரங்கள் எல்லாம் அடி வாங்கின. "மாடு வாங்க வந்தவங்க மாதிரில்ல பாத்துட்டுப் போறாங்க" என்றாள். மறுநாள் சேதி வந்தது. "ரெண்டு தரமும் ஒரே பிள்ளைதான். செய்யலாம்" என்று அவர் தன் தம்பியிடம் சொன்னாராம்.

அந்த அக்காவின் பெயர் வேண்டாம். அவர் இன்று இருந்து இதைப் படித்தால், நீர் சொல்லுறது சரி, இதை வேறு யாரிடம் கேட்டு எழுதினீர் என்பார். அந்த வம்பு எனக்கு எதற்கு?

அவர்கள் யாழ்ப்பாணத்து வழியில் வந்தவர்கள். தலைமுறையாக அரசாங்க உத்தியோகம், கோயில், விரதம் என்று இருந்த குடும்பம். நாங்கள் மெதடிஸ்ட். அப்பா ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். நான் சுங்கைவேயில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் மைக்ராஸ்கோப் வைத்து சிப்பில் பிழை தேடும் கியூசி. நானும் அவர் தம்பியும் ஒரே பஸ்ஸில் போய் வந்து விரும்பிக்கொண்டோம். அந்தப் பக்கமும் சந்தேகம், இந்தப் பக்கமும் சந்தேகம். நடுவில் இந்த அம்மாள், இரண்டு பக்கத்துச் சந்தேகத்தையும் சேர்த்துக் குத்தகைக்கு எடுத்தவர் போல.

அவரை மச்சாள் என்று கூப்பிட வேண்டும் என்று என் கணவர் சொல்லிக்கொடுத்தார். மச்சாள் என்னை நீர் என்றார். எங்கள் வீட்டில் ஜெபத்தில் கர்த்தரை மட்டும்தான் அப்படி அழைப்போம். "நீர் எங்கே வேலை செய்யிறீர்?" என்று அவர் முதன்முதலில் கேட்டபோது எனக்குப் பதில் சொல்லவே கூச்சமாக இருந்தது.

மச்சாள் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் விரிவுரையாளர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிரிக்பீல்ட்ஸில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி வீடு. அந்த வீட்டில் எல்லாமே இரண்டு. கூடத்தில் இரண்டு கடிகாரம், வேறு வேறு கம்பெனி. குளியலறையில் எடை பார்க்கும் மெஷின் இரண்டு. என் மகளுக்கு ஒருமுறை அங்கே காய்ச்சல் வந்துவிட்டது. நாக்குக்கு அடியில் ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து, உதறி, இன்னொன்றை எடுத்து வைத்தார். இரண்டும் கொஞ்சம் மாறிக் காட்டின. "இன்னும் காய்ச்சல் எண்டு சொல்ல ஏலாது" என்றார். பிள்ளை என் மடியில் அனலாகக் கொதிக்கிறது. நான் அவரைத் தள்ளிக்கொண்டு கிளினிக்குக்குத் தூக்கிப் போனேன்.

செரம்பானில் இருந்த அவர்கள் பெரியப்பா இறந்த அன்று நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் ஒரு மாதிரி இருக்கும். பெரியப்பாவின் மகன் போன் செய்தான். நாங்கள் எல்லோரும் அன்று பிரிக்பீல்ட்ஸில்தான் இருந்தோம். என் கணவர் சுவரில் சாய்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். மச்சாள் போனைக் கேட்டு வைத்தவர், "பொறும், வேறு ஆரும் சொல்லட்டும்" என்றார். சொந்த மகன் சொன்னது போதாதா? அவர் இன்னும் இரண்டு வீட்டுக்குப் போன் போட்டு, யாரும் எடுக்காமல், பிறகு கோயிலில் இருந்து ஒருவர் அழைத்துச் சொன்ன பிறகுதான் சேலை மாற்றினார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெட்டியை மூடிவிட்டார்கள். பெரியப்பாவின் முகத்தை என் கணவர் பார்க்கவே இல்லை. அதற்காக மச்சாள் மன்னிப்பும் கேட்கவில்லை. கோயில்காரர் இன்னும் சீக்கிரம் அழைத்திருக்கலாம் என்று மட்டும் சொன்னார்.

அவர் ஏன் இப்படி ஆனார் என்பதற்கு என் கணவர் ஒரு கதை சொல்வார். இங்கிலாந்தில் படிக்கும்போது, வானத்தைப் படம் எடுத்த கண்ணாடித் தகட்டில் புதிதாக ஒரு நட்சத்திரத்தைக் கண்டதாக வகுப்பில் எழுந்து சொன்னாராம். பேராசிரியர் வந்து கைக்குட்டையால் துடைத்தாராம். நட்சத்திரம் போய்விட்டதாம். எல்லோரும் சிரித்தார்களாம். இதை என் கணவர் ஒருவர்தான் சொன்னார். மச்சாளின் கணக்குப்படி நீங்கள் இதை நம்பத் தேவையில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் காற்று மண்டலத்துக்கு மேலே ஒரு பெரிய தொலைநோக்கியை அனுப்பினார்கள். பத்திரிகைகளில் பெரிதாகப் படம் போட்டார்கள். என் கணவர், ஏதோ அக்காவே கையால் தூக்கி வீசியது போல, போன் செய்து வாழ்த்தினார். வேலை செய்கிறதா என்று முதலில் பார்ப்போம் என்று மச்சாள் போனை வைத்துவிட்டார். கொஞ்ச நாளில் அதன் கண்ணாடியில் பிழை, படம் கலங்கலாக வருகிறது என்று செய்தி வந்தது. மச்சாளின் துறையில் எல்லோர் முகமும் தொங்கிப்போயிற்றாம். மச்சாள் அந்த ஞாயிற்றுக்கிழமை ரவா லட்டு பிடித்தார். என்ன விசேஷம் என்று நான் கேட்கவில்லை. லட்டு நன்றாக இருந்தது.

பிறகு ஆட்கள் மேலே போய் அதைச் சரிசெய்தார்கள். படங்கள் கண்ணாடி மாதிரி வந்தன. அதையும் அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் லட்டு பிடிப்பதை நிறுத்திவிட்டார்.

அவர் ஆராய்ந்தது குவேசார் என்ற ஒன்றை. ஒருநாள் எனக்கு விளக்கினார். பார்க்க ஒரு சாதாரண நட்சத்திரம் மாதிரி இருக்குமாம், ஆனால் நட்சத்திரம் இல்லையாம். எண்ணிச் சொல்ல முடியாத தூரத்தில் இருக்கும் ஒரு கேலக்ஸியின், அதாவது கோடானுகோடி நட்சத்திரங்கள் சேர்ந்த ஒரு கூட்டத்தின், நடுவில் எரிகிற வெளிச்சமாம். பல வருஷம் எல்லோரும் அதை நட்சத்திரம் என்றே நினைத்து ஏமாந்தார்களாம். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. வேஷம் போட்டுப் பிடிபட்டவனைப் பற்றிப் பேசுகிற போலீஸ்காரர் முகத்தில் வருமே, அது.

குவேசாருக்குப் பக்கத்தில் இருக்கும் கேலக்ஸிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுவதுதான் அவர் வேலை. தொலைநோக்கியை இந்தப் பக்கம் திருப்புங்கள் என்று கேட்டு அவர் அனுப்பிய விண்ணப்பங்கள் எல்லாம் திரும்பி வந்தன. ஆனால் மற்றவர்கள் கேட்டு எடுத்த படங்கள் ஒரு வருஷத்துக்கு அவர்களுக்கு மட்டும்தான் சொந்தம். அதன் பிறகு உலகத்தில் யார் கேட்டாலும் கொடுப்பார்கள். மச்சாளுக்குத் தபாலில் சிடியாக வரும். அவற்றைப் பார்க்கத் துறையில் ஒரு கம்ப்யூட்டரை வீட்டுக்கே கொடுத்து வைத்திருந்தார்கள்.

அந்தக் கம்ப்யூட்டருக்குத்தான் ஒருநாள் ஆபத்து வந்தது. அடுத்த கல்வியாண்டுக்குள் அவர் பெயரில் ஏதாவது ஒரு கண்டுபிடிப்பு வெளிவர வேண்டும், இல்லாவிட்டால் கம்ப்யூட்டரை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு, அவரை முழுநேரமும் முதலாம் ஆண்டு லேப்புக்குப் போடுவோம் என்று துறைத் தலைவர் சொல்லிவிட்டார். நல்ல மனுஷர்தான், அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள். மச்சாள் இதை என்னிடம் அரிசி களைந்துகொண்டே சொன்னார். ஓய்வுபெற இன்னும் சில வருஷம்தான் இருந்தது. வானத்தை விட்டால் அவருக்கு வேறு எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அப்புறம்தான் கேட்டார், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கூட உட்கார முடியுமா என்று. தன் கண் முன்னைப் போல இல்லை என்றார். "உமக்குப் பிழை பிடிக்கிற கண்" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னைப் புகழ்ந்தது அதுதான். இதில் ஏதோ இருக்கிறது என்று எனக்கு உடனே தோன்றியது. இருந்தாலும் பண்டமாரானில் எங்கள் வீட்டில் இருந்து பஸ் பிடித்துப் போனேன்.

வேலை என்னவென்றால், ஒரே இடத்தை எடுத்த இரண்டு படங்களைத் திரையில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பது. மேலே ஆகாயத்தில் எந்நேரமும் துகள்கள் பறந்துகொண்டிருக்கின்றன. படம் எடுக்கும் சிப்பில் ஒன்று வந்து மோதினால் அங்கே ஒரு வெள்ளைப் புள்ளி விழும். நட்சத்திரம் போலவே இருக்கும், ஆனால் வெறும் கீறல். நட்சத்திரம் என்றால் இரண்டு படத்திலும் இருக்கும். கீறல் ஒரு படத்தில்தான் இருக்கும். ஒன்றில் மட்டும் இருப்பதைத் தள்ள வேண்டும். எனக்கு இதை விளக்கவே தேவைப்படவில்லை. தொழிற்சாலையில் நான் பார்ப்பதும் சிப், தேடுவதும் புள்ளி, தள்ளுவதும் என் வேலை. விசையைத் தட்டுவேன், எது மினுக்கி மறைகிறதோ அதைச் சொல்வேன், மச்சாள் அழிப்பார்.

பெரும்பாலும் இரண்டு படங்களும் அடுத்தடுத்து எடுத்தவை. சில கேலக்ஸிகளுக்கு அப்படிக் கிடைக்கவில்லை. ஒன்று ஒரு வருஷத்துப் படம், இன்னொன்று அதற்கு அடுத்த வருஷத்துப் படம் என்று ஜோடி சேர்த்திருந்தார். ஒரு வருஷ இடைவெளியில் வானத்தில் உண்மையாகவே ஏதாவது புதிதாக வந்திருக்கலாம் என்று அவருக்குத் தெரியாதா? என்னை விட நன்றாகத் தெரியும். ஆனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மின்விசிறி சுற்ற, நூற்றுக்கணக்கில் புள்ளிகளைத் தள்ளிக்கொண்டே போகும்போது கை பழகிவிடும். தள்ளுவதில் ஒரு சுகமும் உண்டு.

அப்படி ஒரு ஞாயிறு, ஒரு குவேசாருக்குப் பக்கத்தில் இருந்த மெலிந்த கேலக்ஸியின் ஓரத்தில் ஒரு புள்ளி மினுக்கியது. மச்சாள் அழிக்கும் விசையில் வைத்த கையை எடுத்தார்.

"இது உருண்டையாக் கிடக்கு" என்றார்.

கீறல்கள் வழக்கமாகக் கூராக, ஊசி குத்தியது போல இருக்கும். இது உருண்டையாகத்தான் இருந்தது. நான் மற்றப் படத்தைத் தட்டிப் பார்த்தேன்.

"மத்ததுல இல்ல லா மச்சாள். நீங்க சொன்ன ரூல்தானே. தள்ளிடுங்க" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அழித்தார். நான் சொன்னதை மறுபேச்சு இல்லாமல் அவர் ஏற்றுக்கொண்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

சில மாதம் போயிற்று. ஒரு ஞாயிறு நான் போனபோது சமைக்கவே இல்லை. திரையில் அந்த மெலிந்த கேலக்ஸி இருந்தது, அழிக்காத பழைய படம். வெளிநாட்டில் ஒரு குழு, தரையில் இருக்கும் வேறொரு தொலைநோக்கியில் முன்பு எடுத்து வைத்திருந்த தங்கள் படங்களைச் சலித்துப் பார்த்ததில், அதே இடத்தில் ஒரு புள்ளியைக் கண்டு அறிவித்திருந்தார்கள். ஒரு நட்சத்திரம் வெடித்திருக்கிறது. அவர்கள் படம், நாங்கள் பார்த்த படத்துக்குச் சில வாரம் கழித்து எடுத்தது. அதில் வெளிச்சம் மங்கத் தொடங்கிவிட்டது. வெடித்த கையோடு அதைக் காட்டுவது எங்கள் படம்தான்.

"இப்ப ரெண்டு படத்திலையும் கிடக்கு" என்றார் மச்சாள்.

நீர்தானே தள்ளச் சொன்னனீர் என்று அடுத்து சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. சாயங்காலம் வரைக்கும் சொல்லவில்லை. வைத்திருந்து, எல்லோர் முன்னாலும் சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன். மூன்று வாரத்துக்கு என் கணவரிடம் இதே பேச்சு. "அக்கா அப்படிப்பட்டவங்க இல்ல" என்றார். அவர் தம்பி, வேறு என்ன சொல்வார்?

மச்சாள் அந்தக் குழுவுக்கு மின்னஞ்சல் எழுதினார். அந்தப் புள்ளி இந்தப் படத்திலும் இருக்கிறது, நீங்கள் அறிவிப்பதற்கு முன்பே பிரிக்பீல்ட்ஸில் இதைப் பார்த்தோம், பார்த்துத் தள்ளிவிட்டோம் என்று உள்ளதை உள்ளபடி எழுதினார். அவர்களும் மரியாதையாகப் பதில் போட்டார்கள். முன்பே பார்த்ததை உங்கள் துறைத் தலைவர் விசாரித்து உறுதி சொன்னால், தள்ளியிருந்தாலும் பரவாயில்லை, முதலில் கண்டவர் என்று உங்கள் பெயரைக் கட்டுரையில் சேர்க்கிறோம் என்றார்கள். துறைத் தலைவருக்கு எங்களை விடச் சந்தோஷம். இது போதும், கம்ப்யூட்டர் உங்களோடுதான் என்று சொல்லிவிட்டார். கூட இருந்த ஆள், அதாவது நான், ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது.

துறைத் தலைவர் பண்டமாரானுக்கே போன் செய்தார். மலாயும் ஆங்கிலமுமாகப் பேசினோம். என்னைப் புவான் என்று மரியாதையாக அழைத்து, அன்றைக்கு நடந்ததைச் சொல்லுங்கள் என்றார். நான் ஒளிக்கவில்லை. உருண்டையாக இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தவர் மச்சாள்தான், தள்ளச் சொன்னது நான் என்றேன். சொன்ன பிறகு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது போல இருந்தது.

துறைத் தலைவர் மெதுவாகச் சொன்னார். உங்கள் மச்சாள் நேர்மாறாகச் சொல்கிறாரே என்றார். தம்பி மனைவிதான் உருண்டையாக இருக்கிறது, தள்ள வேண்டாம் என்றாள், நான்தான் கேட்காமல் தள்ளினேன் என்று மச்சாள் அவரிடம் சொல்லியிருக்கிறார்.

யார் கண்டால் என்ன, அவர் வீட்டு மேசையில், அவர் வேலையில் கண்டதுதானே என்று நான் மன்றாடினேன். துறைத் தலைவரும் அதைத்தான் நினைத்தாராம். இரண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எழுதிக் கொடுத்திருப்பாராம். இப்போது இதை எப்படி உறுதி என்று எழுதுவது? கேட்கிறவர்கள், இரண்டு பெண்களும் பிறகு உட்கார்ந்து ஜோடித்த கதை, அதையும் சரியாக ஜோடிக்கவில்லை என்றுதானே நினைப்பார்கள்.

அந்த ஞாயிறு நான் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனபோது நல்ல கோபத்தில் இருந்தேன். ஏன் மாற்றிச் சொன்னீர்கள் என்று வாசலிலேயே கேட்டேன். தான் மாற்றவில்லை என்றார். தனக்கு நினைவிருப்பது அதுதான் என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்த முகத்தில் எப்போதுதான் தெரிந்தது?

"சரி, விடுங்க. நான் போன் பண்ணி நீங்க சொன்னதையே சொல்றேன். ஒத்துப் போயிடும்" என்றேன்.

"முதல் படத்தைப் பார்த்து ரெண்டாவது படத்தை வரையிறதோ?" என்றார். "நீர் கண்டதை நீர் சொன்னீர். நான் கண்டதை நான் சொன்னன். ஒத்து வரேல்லை. தள்ளத்தான் வேணும்."

குழுவின் கட்டுரை வந்தபோது அதில் அந்தப் படம் இருந்தது. மச்சாளின் பெயர் இல்லை. கல்வியாண்டு முடிந்ததும் கம்ப்யூட்டரை எடுக்க வேன் அனுப்பினார்கள். நான் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். இரண்டு பையன்கள் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். திரையைத் துணியில் சுற்றி அவர்கள் கீழே தூக்கிக்கொண்டு போனதும், மேசை இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. எனக்குத் தாங்கவில்லை. இத்தனை நாள் மென்று விழுங்கிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"நான் பொய் சொன்னேன்னு நினைக்கிறீங்களா மச்சாள்?"

அவர் தரையில் கிடந்த தூசியைத் துடைப்பத்தால் ஒதுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"இல்லை. நீர் ஒரு தரம் சொன்னீர். எனக்கு அது போதும்" என்றார்.

என் சொல் போதும் என்றால் அவர் சொன்னது என்ன? அதைக் கேட்காமலே கிளம்பிவிட்டேன். கிள்ளான் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஷா ஆலம் வரைக்கும் அழுதேன். தள்ளியது நான் என்று யாரும் என்னைச் சொல்லிவிடக் கூடாது என்று, வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, எனக்காகத் தெரிந்தே பொய் சொன்னாரா? இல்லை, உண்மையிலேயே அவருக்கு அப்படித்தான் நினைவிருந்ததா? சில நாள் அது, சில நாள் இது என்று தோன்றும். அந்த அறையில் இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான், அதில் ஒருவர் இப்போது இல்லை. வேறு யாரிடம் போய்க் கேட்பேன்?